வளைஞ்ச மொனிட்டரும் மோகனராஜ் அண்ணனோட கண்ணும்

இந்தக் கதிரை நல்ல கதிரை, டொக்டர். முதுகுக்கு இதமா இருக்கு. நாள் பூரா கொம்பியூட்டர் முன்னாடி குந்திக்கிட்டு இருக்கிறவனுக்குத்தான் கதிரையோட அருமை தெரியும். எங்க ஸ்டூடியோவுல இருக்கிறது ஒரு பிளாஸ்டிக் கதிரை. அது ஆடாம இருக்க ஒரு காலுக்குக் கீழ பழைய அல்பத்தோட அட்டையை மடிச்சு வெச்சிருக்கோம். அதைப் பத்தி நான் ஒரு நாளும் குறை சொன்னதில்ல. குறை சொல்ற சுபாவம் எனக்குக் கிடையாது.

அண்ணனை வெளிய உக்காரச் சொல்லிட்டு நீங்க என்னை மட்டும் உள்ள கூப்பிட்டப்பவே எனக்கு விளங்கிருச்சு. அவரு கண்ணுல ஒரு கோளாறும் இல்லன்னு சொல்றீங்க. இந்த வயசுல இப்படி ஒரு கண்ணைப் பாத்ததே இல்லன்னும் சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இந்த மனுசன் ஒபரேஷன் செய்ங்கன்னு உங்க காலைப் பிடிக்காத குறையா அழுதாருன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான். கூட்டிக்கிட்டு வந்தவன் நான், நான்தான் பதில் சொல்லணும். ஒளிக்காம மறைக்காம சொல்றேன். கேட்டு முடிக்கும்போது நீங்களும் என் பக்கம்தான் இருப்பீங்க.

என் பேரு சந்திரகுமார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டினதும் ஒரு பேக்கரி வரும், அதுக்கு மேல்மாடியில மோகனராஜ் அண்ணனோட ஸ்டூடியோ. கலியாண அல்பம்தான் எங்க தொழில். அண்ணன் படம் எடுப்பாரு. நான் கொம்பியூட்டர்ல அதைத் திருத்துவேன். மாப்பிள்ளை கன்னத்துல இருக்கிற பரு, மணவறைக்குப் பின்னால எட்டிப் பாக்குற நாய், பந்தியில வாய் நிறையச் சோத்தோட கெமராவைப் பாக்குற மாமா, எல்லாத்தையும் எடுத்துருவேன். கலர் போடுறதும் நான்தான். ஆனா படம் அச்சுக்குப் போறதுக்கு முந்தி அண்ணன் ஒரு தடவை வந்து பாப்பாரு. அதுக்கு அவரு வெச்ச பேரு கடைசிப் பார்வை.

அந்தக் கடைசிப் பார்வையில அவருக்கு ஒரு பழக்கம். பொண்ணு தாலிக்குக் கட்டுற கூரைச்சேலைக்கு ரவிக்கை தைச்ச டெய்லர்கிட்டப் போய், வெட்டினதுல மிஞ்சின துண்டு ஒண்ணை வாங்கிட்டு வந்துருவாரு. அதை ஸ்கிரீனோட ஓரத்துல ஒட்டி வெச்சுக்கிட்டு, படத்துல இருக்கிற சேலையும் துணியும் ஒரே கலராகுற வரைக்கும் விட மாட்டாரு. மேசை லாச்சி நிறைய அந்த மாதிரித் துண்டுதான். கம்பளையில இருந்து புசல்லாவை வரைக்கும், மோகனராஜ்கிட்டக் குடு, சேலைக் கலர் மாறாதுன்னு சனம் சொல்லுறதுக்கு அதுதான் காரணம்னு அவரு நம்பிக்கிட்டு இருந்தாரு.

நான் போட்டு வெச்ச கலர்ல அவரு கை வைக்காத படம் ஒண்ணு கிடையாது, டொக்டர். ஏன்டா சந்திரா, பொண்ணா ஓணானாடா இதுன்னு கேப்பாரு. கேட்டுக்கிட்டே மவுஸைப் பிடுங்கி என்னமோ செய்வாரு. அவரு கை வைக்க முந்தியும் பிந்தியும் எனக்குப் படம் ஒரே மாதிரித்தான் இருக்கும். பெரியவங்களுக்குத் தன் கை பட்டாத்தான் மனசு நிறையும். நான் விட்டுக் குடுத்துருவேன்.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருந்தப்பதான் பழைய மொனிட்டர் செத்துப் போச்சு. நடுவுல ஒரு கோடு விழுந்து, பிறகு பாதி இருட்டாகி, கடைசியில மாப்பிள்ளை மட்டும் தெரிவாரு, பொண்ணு தெரிய மாட்டா. அண்ணன் என் தோள்ல கையைப் போட்டு, நல்ல கலர் காட்டுறதா ஒண்ணு பாத்து எடுடா, பெட்டியில எழுதியிருக்கிறது ஒண்ணும் எனக்கு விளங்காது, உன்னைத்தான் நம்பியிருக்கேன்னு சொன்னாரு. தெரிவு செய்யிற பொறுப்பை அவரேதான் என் கையில குடுத்தாரு. நான் கேக்கல. இதை நீங்க ஞாபகத்துல வெச்சுக்கணும்.

அந்த நேரம் எனக்கும் ஒரு தேவை இருந்துச்சு. அண்ணன் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனா ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டுத்தான் வருவாரு. அந்த நேரத்துல நான் கொம்பியூட்டர்ல கேம் விளையாடுவேன். துவக்குச் சண்டை. நாங்க நாலு பேர் ஒரு டீம். இப்திகார், ஹபீல், அரூஸ், நான். கண்டியில ஒரு போட்டி வரப் போகுதுன்னு பேரும் குடுத்திருந்தோம். நான் நல்லாத்தான் சுடுவேன். ஆனா ஒரு சிக்கல். அந்த கேம்ல நம்ம ஆளோட தலைக்கு மேல பேரு ஒரு கலர்ல வரும், எதிரியோட தலைக்கு மேல வேற கலர்ல வரும். அந்தப் பழைய மொனிட்டர்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. அதனால நான் இப்திகாரை நிறையத் தடவை சுட்டிருக்கேன். ஹபீலையும்தான். அவங்க ரெண்டு பேரையும் சுட்ட அளவுக்கு எதிரியைச் சுட்டதில்ல. மச்சான், இன்னொரு தடவை என்னைச் சுட்டா உன்னை டீம்ல வெக்க மாட்டேன்னு இப்திகார் சொல்லிட்டான். மனுசனுக்கு மானம்னு ஒண்ணு இருக்கில்லையா.

கண்டி டவுன்ல ரிஸ்மி நானாவோட கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். நல்ல மனுசன். மொனிட்டர் ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே படத்தைப் போட்டுக் காட்டினாரு. ஒண்ணு நேரா, சாதுவா இருந்துச்சு. போட்டோ வேலை செய்றவங்க எல்லாம் இதைத்தான் எடுக்குறாங்க, கலர் உள்ளதை உள்ளபடி காட்டும், கேமுக்குத்தான் கொஞ்சம் மந்தம்னாரு. மற்றது வளைஞ்சது. பின்பக்கம் லைட்டெல்லாம் எரிஞ்சுச்சு. அதுல ஓடுற ஆளு ஓடுற வேகத்துலயே தெரிஞ்சான். ஆனா ரிஸ்மி நானா தலையை ஆட்டினாரு. தம்பி, போட்டோ வேலைக்கு இது சரிவராது, சேலைக்கடை லைட்டு மாதிரி இது, உள்ள பாத்தா ஒரு கலர், வெளிய கொண்டு போனா வேற கலர்னாரு. ரெண்டு வேலைக்கும் பொருந்துறது ஒண்ணு இருக்கு, கொழும்புல இருந்து வரவழைக்கணும், கொஞ்சம் பொறுங்கன்னும் சொன்னாரு.

பொறுத்திருக்கலாம். போட்டி அடுத்த ஞாயித்துக்கிழமை. நான் வளைஞ்சதை எடுத்தேன்.

அண்ணன் அதைப் பாத்ததும் முதல்ல முகத்தைச் சுளிச்சாரு. ஏன்டா இது வளைஞ்சு கிடக்கு, கீழ விழுந்துருச்சான்னு கேட்டாரு. இந்த இடத்துல நான் கொஞ்சம் பொய் சொன்னேன், ஒத்துக்கிறேன். வளைவு இருக்கிறதாலதான் அண்ணே ஓரத்துல நிக்கிறவங்க கலரும் கண்ணுக்கு நேரா வருதுன்னேன். பெட்டியில நூத்தி எம்பதுன்னு ஒரு நம்பர் பெரிசாப் போட்டிருந்துச்சு. ஸ்கிரீன் எத்தனை வேகமாப் படத்தை மாத்தும்ங்கிற கணக்கு அது. நான், ஒரு செக்கனுக்கு நூத்தி எம்பது தடவை கலரைச் சரி பாக்குது அண்ணேன்னு அள்ளி விட்டேன். பின்னால எரியிற லைட்டைக் காட்டி, அது என்னடான்னாரு. சரி பாத்துக்கிட்டு இருக்குன்னேன். அண்ணன் கையெடுத்துக் கும்புட்டாரு. நம்ம தொழிலுக்காகவே ஒருத்தன் உக்காந்து யோசிச்சுச் செஞ்சிருக்கான் பாருடான்னு அவரு சொன்னப்போ, எனக்கே அது நெசம்னு தோணிருச்சு.

அதுல ஒரு மோட் இருந்துச்சு. அதைப் போட்டா இருட்டு மூலையில பதுங்கி இருக்கிற எதிரி பளிச்சுன்னு தெரிவான். நிழலையெல்லாம் வெளிச்சமாக்கி, மொத்தத்தையும் நீலமா இழுத்துரும். விளையாடி முடிச்சதும் அதை மாத்தணும். மாத்துறதுக்கு மொனிட்டருக்குப் பின்னால கையை விட்டு ஒரு பொத்தானைத் தேடணும். எரிச்சல் பிடிச்ச வேலை. நான் அப்படியே விட்டுட்டேன். ஆக, அதுக்குப் பிறகு எங்க ஸ்டூடியோவுல பொண்ணு மாப்பிள்ளையெல்லாம், புதருக்குள்ள ஒளிஞ்சிருக்கிறவனைக் கண்டுபிடிக்கிற வெளிச்சத்துலதான் அலங்காரம் ஆனாங்க.

போட்டியைப் பத்திக் கேக்காதீங்க. முதல் சுத்துலயே போய்ட்டோம். இந்த மொனிட்டர்லயும் நான் இப்திகாரைத்தான் சுட்டேன், ஆனா முந்தியை விட வேகமா. அவனோட இப்ப பேச்சு வார்த்தை இல்ல.

இனி சிந்துஜாவோட கதைக்கு வாறேன். புசல்லாவைப் பொண்ணு. அப்பா அழகமுத்து, தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சவரு. கம்பளையில கடை வெச்சிருக்கிற குடும்பத்துல கட்டிக் குடுத்தாங்க. மாமியார் கமலம் அம்மா. கூரைச்சேலையைத் தேடி அந்தம்மா ஏறி இறங்காத கடை இல்லையாம். நல்ல அரக்குச் சிவப்புன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ஆமான்னு சொன்னேன். 

அந்தக் கலியாணப் படத்தை அண்ணன் வழக்கம் போல ரவிக்கைத் துண்டை ஓரத்துல ஒட்டி வெச்சுத்தான் பாத்தாரு. நீலமா இழுத்துக் கிடந்த ஸ்கிரீன்ல அந்தச் சேலையைத் துணியோட பொருத்துறதுக்கு அவரு பட்ட பாடு கொஞ்சமில்ல. பொருத்தியும் போட்டாரு. ஸ்கிரீன்ல அச்சு அசலா இருந்துச்சு. அச்சாகி அல்பம் வந்ததும் பிரிச்சுப் பாத்தவரு அப்படியே நின்னுட்டாரு. துண்டை எடுத்து அல்பத்துல வெச்சாரு. சந்திரா, இது செங்கல் கலராயிருக்கேடா, இங்க வந்து பாருன்னாரு.

போய்ப் பாத்தேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, சத்தியமா. ஆனா மொனிட்டர்ல பிழை இருக்குமோன்னு அண்ணன் யோசிக்க ஆரம்பிச்சா அது ரிஸ்மி நானாகிட்டப் போயிரும், ரிஸ்மி நானா வாயைத் திறந்தா என் மானம் போயிரும். அதனால உள்ளதோட கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே, இந்த வயசுல சிலருக்குக் கண்ணுல கலர் பிசகுமாம், நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கன்னேன். அவ்வளவுதான் டொக்டர். ஒரே ஒரு வசனம். அண்ணன் கீழ பேக்கரிக்குப் போய் ஒரு பிளேன்டி வாங்கிக் குடிச்சுட்டு வந்து, அல்பத்தைக் கட்டிக் குடுத்து அனுப்பிட்டாரு.

கமலம் அம்மா அல்பத்தைத் திறந்ததும் வீடு ரெண்டாப் போச்சு. இது நான் குடுத்த கூரையே இல்ல, மருமக என் சேலையை ஒளிச்சு வெச்சுட்டு மட்டமான சேலையைக் கட்டிக்கிட்டு மணவறையில உக்காந்திருக்கான்னு அந்தம்மா ஒரே பிடியா நின்னாங்க. சிந்துஜா அலுமாரியில இருந்து அந்தச் சேலையை எடுத்துக் காட்டினா. அது இன்னும் மோசமாப் போச்சு. பாத்தீங்களா, என் சேலை கசங்காம அலுமாரியில இருக்கு, அப்ப தாலி ஏறினப்போ கட்டியிருந்தது எதுன்னு கேட்டாங்க. சொந்தக்காரங்க போன்ல எடுத்த படங்களைக் காட்டினா, ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு சேலை. தாலி கட்டின பையன் நடுவுல நின்னு, நான் சேலையைப் பாக்கலம்மான்னு உண்மையைச் சொல்லி ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கினான். கடைசியில அந்தப் பொண்ணைப் புசல்லாவைக்கு அனுப்பிட்டாங்க. அம்மா வீடுதானே. நல்ல காத்து.

அழகமுத்து ஸ்டூடியோவுக்கு வந்தாரு. சத்தம் போடல. தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, அந்த வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க தம்பி, என் மக களவாணி இல்லன்னு மட்டும் சொல்லிருங்கன்னாரு. அண்ணன் அன்னிக்கே கம்பளைக்கு பஸ் ஏறினாரு. சேலையில பிழையில்லம்மா, என் கண்ணுலதான் பிழைன்னு கமலம் அம்மா முன்னாடி நின்னு சொன்னாரு. கண்ணு தெரியாதவனையா நாங்க படம் எடுக்கக் கூப்பிட்டோம்னு அந்தம்மா கேட்டாங்களாம். சரியான கலர்ல இன்னொரு அல்பம் போட்டுக் கொண்டு வாங்க, என் சேலையை அதுல பாத்தா மருமக வீட்டுக்கு வரட்டும்னு முடிச்சுட்டாங்களாம்.

திரும்பி வந்து அண்ணன் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. நல்ல கேள்வி. அல்பத்தைப் பாத்தப்போ கலர் பிழைன்னு நான்தானேடா சொன்னேன், அந்தம்மாவும் அதையேதானே சொல்றாங்க, அப்ப என் கண்ணு சரிதானேன்னாரு. எனக்கு நாக்கு தடுமாறல. ஸ்கிரீன்ல துணியோட பொருத்தினது யாரு அண்ணே, நீங்கதானே, மொனிட்டர் செக்கனுக்கு நூத்தி எம்பது தடவை சரி பாக்குது, மிஷின் சும்மா அச்சடிக்குது, நடுவுல இருக்கிறது உங்க கண்ணு மட்டும்தானேன்னேன். அப்ப அல்பத்தைப் பாத்தப்போ எப்படிடா சரியாத் தெரிஞ்சுச்சுன்னாரு. ஆரம்பத்துல அப்படித்தான் அண்ணே, வந்து வந்து போகும்னேன்.

அவரு பிறகு லாச்சியைத் திறந்து ரெண்டு துண்டுத் துணியை எடுத்து மேசையில வெச்சாரு. இது சிவப்பு, இது பச்சை, சரியாடான்னு மெதுவாக் கேட்டாரு.

நான் பாத்தேன். ரெண்டும் ஒரே துணி, டொக்டர். ஒரே கலர். ஒண்ணு கொஞ்சம் அழுக்கு, அவ்வளவுதான்.

அண்ணே, ரெண்டும் ஒண்ணுதானேன்னேன். அவரு முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. எனக்கும் அப்பதான் உறைச்சுச்சு. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லப் போக, அந்த நோய் நெசமாவே அவருக்கு இருந்திருக்கு. ஒரு பக்கம் கவலைதான், இல்லன்னு சொல்லல. மறுபக்கம் மனசுல இருந்து ஒரு பாரம் இறங்கிருச்சு. அது வரைக்கும் நான் ஒரு பொய்க்காரன்னு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டு இருந்துச்சு. இல்ல, நோயை முதல்ல கண்டுபிடிச்சவன் நான்தான்னு ஆயிருச்சு. அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

அண்ணனோட சம்சாரம் பிரேமிளா அண்ணி. அண்ணிகிட்டச் சொல்லிராதடா, பயந்து போயிருவான்னு அண்ணன் கேட்டுக்கிட்டாரு. நான் சொல்லல. ஒருத்தர் நம்பிச் சொன்ன ரகசியத்தை வெளிய விடுற பழக்கம் எனக்கில்ல. அண்ணன் தான் இடுப்புல கட்டுற சாரத்தோட கலரைக் கூட வீட்டுல யாருகிட்டயும் கேக்க மாட்டாரு. என்கிட்டத்தான் போன்ல கேப்பாரு. நான் பொறுமையாச் சொல்லுவேன்.

வேன் ஓட்டுறதையும் நிறுத்தச் சொன்னேன். இந்தக் கண்ணோட ஓட்டி எங்கயாவது மோதிட்டா யாரு பொறுப்பு. இப்ப நான்தான் ஓட்டுறேன். இங்க வந்ததும் நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். டவுன்ல சிக்னல் லைட்டுக்கிட்ட அண்ணன் முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு முருகா முருகான்னு முனகினாரு. நோய்க்காரருக்கு எல்லாமே பயம்தான். முன்னால வந்த பஸ்காரன் ஹோன் அடிச்சான், பக்கத்துல வந்த திரீவீல்காரன் சிங்களத்துல எங்க அம்மாவை விசாரிச்சான். கண்டியில யாருக்கும் பொறுமை இல்ல.

ரெண்டாவது அல்பத்துக்கு வாறேன். அண்ணன் மவுஸைத் தொட மாட்டேன்னுட்டாரு. நீயே பண்ணு, கடைசிப் பார்வையும் நீயே பாருன்னு எழும்பிப் போய் யன்னல்கிட்ட நின்னுக்கிட்டாரு. முதல் தடவையா ஒரு அல்பத்தை நான் மட்டும் தனியா, யாரு கையும் படாம முடிச்சேன். இது வரைக்கும் நான் செஞ்சதுலயே நல்ல வேலை அதுதான். ரவிக்கைத் துண்டைப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், அப்படியே இருந்துச்சு. சிந்துஜாவோட முகம் எனக்கு அவ்வளவு அழகாத் தெரிஞ்சுச்சு. அண்ணன் யன்னல் பக்கம் இருந்து ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. பிறகு திரும்பவேயில்ல. தோள் மட்டும் குலுங்குச்சு.

அல்பம் வந்த அன்னிக்கு அழகமுத்து முதல் ஆளா வந்தாரு. சம்மந்தி வீட்டுக்குத் தானே கொண்டு போய்க் குடுத்து மகளைச் சேத்து வெக்கணும்னு ஆசை. ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாரு. பிறகு என்னை ஒரு ஓரமா இழுத்து, தம்பி, என் மக பச்சையா இருக்காளேன்னாரு. சேலையும் பச்சை, முகமும் பச்சை, ஐயரும் பச்சைன்னாரு. அவரைக் கோவிச்சுப் பிரயோசனமில்ல. தேயிலைக்குள்ளயே பொறந்து வளந்த மனுசன், பச்சையைப் பாத்துப் பாத்துப் பழகின கண்ணு, எதைப் பாத்தாலும் அதுதான் தெரியும். கமலம் அம்மாவும் போன்ல அதையேதான் கத்தினாங்க. முதல்ல சேலையை மாத்தினீங்க, இப்ப பொண்ணையே பூதமா மாத்திட்டீங்கன்னாங்க. அந்தம்மாவுக்கும் அண்ணன் வயசுதானே. இந்த நோய் எங்க பக்கம் கொஞ்சம் பரவியிருக்குன்னு நினைக்கிறேன். சுகாதார ஆக்கள் ஒரு தடவை வந்து பாத்தா நல்லது.

அழகமுத்து சொன்னதை நான் அண்ணன்கிட்டச் சொல்லல. ஏற்கனவே உடைஞ்சு போயிருக்கிற மனுசன். அவரே அல்பத்தைத் திறந்து பாத்துட்டு, எனக்கு எல்லாம் பச்சையாத் தெரியுதுடா, உனக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டாரு. நல்ல அரக்குச் சிவப்பு அண்ணேன்னேன். அவரு மூடி வெச்சுட்டு, ஒரு பொண்ணு என் கண்ணால வாழாவெட்டியாக் குந்தியிருக்கான்னு சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. எனக்கும் அழுகை வந்துச்சு. நான் ஒண்ணும் கல்லு இல்ல.

அதுக்குப் பிறகுதான் கண்ணை வெட்டியாவது சரியாக்கணும்னு இங்க வந்தது. சரியாகாட்டி ஸ்டூடியோவை என் பேருக்கு மாத்திக் குடுத்துட்டு ஒதுங்கிடப் போறாராம். போர்ட்ல அவரு பேரை அழிச்சுட்டு என் பேரைப் போடச் சொல்லிட்டாரு. பெயின்ட் கூட நானே வாங்கி வெச்சிருக்கேன், சிவப்பு. இதையும் நான் கேக்கல, டொக்டர். கவனிச்சீங்கன்னா, இந்தக் கதையில நான் கேட்டு வாங்கினது எதுவுமே இல்ல. அந்த மொனிட்டர் ஒண்ணைத் தவிர.

ஆக, நான் செய்த குத்தம் எதுன்னா, மொனிட்டர் விசயத்துல பொய் சொன்னேன். ரிஸ்மி நானா பேச்சைக் கேக்கல. பொத்தானை மாத்தச் சோம்பல் பட்டேன். அந்த முதல் அல்பம் செங்கலானது அதாலதான்னு நீங்க சொன்னா, சரி, அதையும் ஏத்துக்கிறேன். கண்ணு விசயத்துல முதல்ல சொன்னதும் வேணும்னே சொன்னதுதான். ஆனா அது பிறகு உண்மையாப் போச்சே. உண்மையாப் போன ஒண்ணைப் பொய்னு எப்படிச் சொல்றது. அந்த ரெண்டு துணியையும் நான் என் கண்ணால பாத்தேன்.

நீங்க ஏன் சிரிக்கிறீங்கன்னு விளங்கல. கோவமான்னும் விளங்கல.

இது என்ன புத்தகம். வட்டம் வட்டமா, உள்ளுக்குள்ள புள்ளி புள்ளியா. இதையா அண்ணனுக்கும் காட்டினீங்க. வாசிக்கணுமா, தாங்க. இந்தா, முதல் பக்கத்துல பன்னெண்டுன்னு பெரிசாப் போட்டிருக்கு. என் கண்ணுல என்ன குறை. அடுத்த பக்கத்துல ஒண்ணுமில்ல. இதுலயும் ஒண்ணுமில்ல, வெறும் புள்ளிதான். இதுலயும் அப்படித்தான். முதல் பக்கத்தோட மை முடிஞ்சிருச்சுப் போல.

என்ன சொல்றீங்க. அண்ணன் எல்லாப் பக்கத்துலயும் நம்பர் வாசிச்சாரா. ஒண்ணு விடாமலா.

பாத்தீங்களா டொக்டர், நான் சொன்னப்போ நம்பலயே. இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பிச்சிருச்சு அந்த மனுசனுக்கு. தாமதிக்காம ஒபரேஷனுக்கு ஒரு நாளைக் குறிச்சுக் குடுங்க, வேன்ல நானே பத்திரமாக் கூட்டிக்கிட்டு வாறேன்.